கைப்பிடியில் கீறல் உள்ள கறுப்புக் குடை

தொலைந்த பொருள் அலுவலகத்தில் நாலு வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு மனித இனத்தின் மேல் பெரிய மரியாதை மிஞ்சாது. பஸ்ஸிலும் ரயிலிலும் மனிதர்கள் எதையெல்லாம் விட்டுவிட்டு இறங்குகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பல்செட்டை விட்டுவிட்டு இறங்கியவர் அன்று ராத்திரி எதைக் கடித்துச் சாப்பிட்டார், ஒற்றைச் செருப்போடு போனவர் எந்தத் தெருமுனையில் கீழே குனிந்து பார்த்தார் என்றெல்லாம் யோசித்து யோசித்து, கடைசியில் யோசிப்பதையே விட்டுவிடுவார்கள்.

அந்த அலுவலகத்தில் தணிக்கைப் பதிவைப் படிக்கிற வேலை பூதக்கண்ணாடிக்கு. நாற்பத்திரண்டு வயதுப் பெண்மணி. யார் எத்தனை மணிக்குக் கணினியில் நுழைந்தார், எந்த மனுவைத் திறந்தார், எதற்கு ஒப்புதல் கொடுத்தார் என்று கணினி தானாக எழுதி வைக்கும் வரிகளைப் படித்துத் தப்பு கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். பெயர் வைத்தவர்கள் சக ஊழியர்கள். முகத்துக்கு நேரே ‘மேடம்’, முதுகுக்குப் பின்னால் பூதக்கண்ணாடி. அதுவும் அவளுக்குத் தெரியும். அலுவலகக் கணினியின் சாட்டில் அந்தப் பெயரைத் தட்டினால் அதுவும் பதிவாகும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை மேலாளர் அவளைக் கூப்பிட்டார்.

மேலாளருக்கு முழக்கம் என்று பெயர். காரணப் பெயர்தான். மாதம் ஒரு வாசகம் யோசித்து, சட்டம் போட்டு, தன் போட்டோவோடு சுவரில் மாட்டுவார். ‘புன்னகையும் ஒரு ரசீது’ என்று ஒன்று இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. ஆனால் அவருடைய தலையாய சாதனை, காத்திருப்பு அறையின் நடுச்சுவரில் தொங்கிய ‘பழையது முதலில்!’ அதன் கீழே விளக்கமும் உண்டு: ‘தினமும் காலை ஒன்பது மணிக்கு, முதலில் வரும் ஊழியர், முடிவாகாத மனுக்களிலேயே மிகப் பழையதைத் திறந்து பார்த்த பிறகே மற்ற வேலையைத் தொடங்குவார்.’ முடிவு தெரியாமல் எந்த மனுவையும் மூடக்கூடாது என்பதும் அவருடைய கட்டளை. ஆகவே மூன்று மாதமாக அந்த ‘மிகப் பழைய மனு’ ஒரே மனுதான். ஒரு கறுப்புக் குடை, கைப்பிடியில் கீறல். கிடங்கில் முந்நூற்றுச் சொச்சம் கறுப்புக் குடைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் கைப்பிடியில் கீறல்.

“உக்காருங்க. விஷயம் பெருசு,” என்றார் முழக்கம். “கேமராவைத் தொலைச்ச ஒரு அம்மா ரசீது, பெட்டி, நம்பர் எல்லாத்தோடயும் வந்து நிக்கிறாங்க. நாம அந்தக் கேமராவை ரெண்டு வாரம் முன்னாடியே யாருக்கோ குடுத்துட்டோம். தேடிப் பார்த்தா ஒரு வயலின், ஒரு லேப்டாப், காது பரிசோதனை பண்ற மெஷின் ஒண்ணு, எல்லாம் அதே மாதிரி போயிருக்கு. மொத்தம் நாலு.”

“யார் ஒப்புதல் குடுத்தது சார்?”

அவர் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல நாற்காலியில் சாய்ந்தார். “அதை நான் சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் லாக் சொல்லும். லாக் பொய் சொல்லாது. ஒப்புதல் வரிகளை மட்டும் எடுத்துட்டு வாங்க.”

அந்த அலுவலகத்தில் முறை இப்படி. பொருளைத் தொலைத்தவர் இணையதளத்தில் மனு எழுதுவார், பொருளின் மேல் தனக்கு மட்டும் தெரிந்த அடையாளத்தோடு. உள்ளே ஓர் எழுத்தர் அதைக் கிடங்கில் இருக்கும் பொருளோடு ஒப்பிட்டுப் பார்த்து ஒப்புதல் பொத்தானை அழுத்துவார். உடனே மனுதாரருக்குக் குறுஞ்செய்தி போகும். அதைக் காட்டினால் கவுண்ட்டரில் பொருளைக் கொடுத்துவிடுவார்கள். ஒப்புதலுக்குப் பிறகு கேள்வி கிடையாது.

அரை மணியில் பூதக்கண்ணாடி நாலு வரிகளை எடுத்தாள். மூன்றில் ஒரே ஊழியரின் பெயர். நாலாவதில், கவுண்ட்டரில் உட்கார்ந்து பொருளைக் கொடுக்கிற கவுண்ட்டர் அம்மாவின் பெயர். அந்த மூன்று வரிகளில் இருந்த பெயரை அவள் இரண்டு தடவை படித்தாள்.

அது அவளுடைய அக்கா புருஷன்.

அலுவலகம் அவரை ‘அவசரம்’ என்று கூப்பிடும். மழைக்கோட்டைக் கழற்றி மாட்ட அவருக்குக் கால் மணி நேரம் ஆகும், அதனால். தட்டச்சு செய்வது ஒரே விரலில். அந்த விரலும் ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் சற்றுத் தயங்கும். ஆனால் காலையில் முதல் ஆளாக வருவது அவர்தான். மெதுவாக நடப்பவர்கள் சீக்கிரம் கிளம்பிவிடுகிறார்கள். ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம்.

“உங்க அத்தான்தானே?” என்றார் முழக்கம், வருத்தப்படுகிற குரலில் சந்தோஷமாக. “சொந்தக்காரர்னு பார்க்காதீங்க. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு விசாரணை. ரெண்டே வழி. ராஜினாமா, இல்லேன்னா போலீஸ். லெட்டரை நானே டைப் அடிச்சு வைக்கிறேன். அவர் அடிச்சா அடுத்த மாசம்தான் முடியும்.”

“நாலாவது வரி கவுண்ட்டர் அம்மா பேர்ல இருக்கே சார். அன்னைக்கு அத்தான் பல்லு பிடுங்க லீவு போட்டிருந்தாரு.”

“கூட்டுச் சதி,” என்றார் அவர், ஒரு விநாடிகூட யோசிக்காமல்.

சந்தேகம் என்பது கரப்பான்பூச்சி மாதிரி. ஒன்றைப் பார்த்துவிட்டால் அப்புறம் வீடு முழுக்க அதுதான். செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தண்ணீர் குடித்தார். ஏன் இன்றைக்கு இரண்டு டம்ளர்? கவுண்ட்டர் அம்மாவிடம் ஏதோ சொன்னார், அந்த அம்மா சிரித்தாள். என்ன சிரிப்பு? ஜன்னல் ஓரம் நின்று போனில் பேசினார், ஏழு நிமிஷம். அவர் வேகத்துக்கு ஏழு நிமிஷம் என்பது வணக்கம் சொல்லி முடிக்கிற நேரம்தான். ஆனால் பூதக்கண்ணாடிக்கு அது தோன்றவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அக்கா சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. “என்னடி, உங்க ஆபீஸ்ல இவரை எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்களாமே? நேத்து ராத்திரி சொல்ல ஆரம்பிச்சாரு, முடிக்கறதுக்குள்ள நான் தூங்கிட்டேன்.”

“ஒண்ணுமில்லக்கா. வேலை டென்ஷன்.”

சாப்பிடும்போது அவள் கண் அறைக்குள் இருந்த பீரோவின் மேல் போனது. அங்கே ஒரு கறுப்புப் பை. கனமான, சதுரமான, கேமரா வைக்கிற மாதிரியான பை. கை கழுவுகிற சாக்கில் எழுந்து, அறைக்குள் போய், ஸ்டூல் மேல் ஏறி, பையை இறக்கி, ஜிப்பைத் திறந்தாள்.

உள்ளே கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் வந்த மிக்ஸி, மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி, குளிர்பெட்டி எல்லாவற்றின் உபயோகக் கையேடுகளும் இருந்தன. வருஷ வாரியாக, ரப்பர் பேண்ட் போட்டு. சில கையேடுகளில் முக்கியமான வரிகளுக்கு அடிக்கோடு.

ஜிப்பை மூடி, பையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார். “என்னம்மா, இன்னும் கொஞ்சம் சோறு?” என்றார். அவள் தலையாட்டினாள். அவர் பரிமாறி முடிக்கிறவரை அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கம் ஒரு பக்கம். பையில் இல்லையென்றால் வேறு எங்கேயோ வைத்திருக்கிறாரோ என்ற நினைப்பு இன்னொரு பக்கம். தொழில் புத்தி அப்படி.

வியாழக்கிழமைதான் தன் முட்டாள்தனம் அவளுக்கு உறைத்தது. மேலாளர் ‘ஒப்புதல் வரிகளை மட்டும்’ கேட்டார், அவளும் அதை மட்டும் எடுத்தாள். ஒரு தெருவில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள, எல்லார் வீட்டுக் கதவையும் மூடச் சொல்லிவிட்டு ஒரே கதவை எட்டிப் பார்த்த மாதிரி. அன்று முழுப் பதிவையும் திறந்தாள், முன்னால் பத்து வரி, பின்னால் பத்து வரியோடு.

ஒழுங்கான ஒப்புதலுக்கு ஒரு நடை உண்டு. மனுவைத் திறந்தது ஒரு வரி. பொருளின் படத்தைப் பார்த்தது ஒரு வரி. கிடங்கு எண், அடையாளம், சரிபார்த்தது, கடைசியில் ஒப்புதல். அத்தானுடைய வழக்கமான ஒப்புதல்களைப் பார்த்தால் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவில் பத்து, பன்னிரண்டு நிமிஷம். ஒரு தடவை நாற்பது.

கேமராவுக்கு அந்த நடையே இல்லை. மனுவைத் திறந்த வரி கிடையாது. படம் பார்த்த வரி கிடையாது. இருந்தது இவ்வளவுதான்: ஒன்பது மணி இரண்டு நிமிஷம் பதினாலு விநாடிக்குக் குடை மனு திறக்கப்பட்டது. பதினைந்தாவது விநாடியில் கேமரா மனுவுக்கு ஒப்புதல்.

ஒரு விநாடி! அந்த மனிதர் ஒரு விநாடியில் கண்ணைக்கூடச் சிமிட்டி முடிக்க மாட்டார்.

வயலினைப் பார்த்தாள். குடை மனு, அடுத்த விநாடி ஒப்புதல். லேப்டாப்பும் அப்படியே. காது மெஷின் போன அன்று அத்தான் லீவு. கவுண்ட்டர் அம்மா முதலில் வந்து, கட்டளைப்படி குடை மனுவைத் திறந்திருக்கிறாள். அடுத்த விநாடி, அவள் பெயரில் ஒப்புதல். நாலு பொருளுக்கான மனுக்களும் ஒரே போன் எண்ணிலிருந்து வந்தவை.

அந்தக் குடையில் என்னதான் இருக்கிறது? அவள் தன் கணினியிலேயே அந்த மனுவைத் திறந்தாள். ‘கறுப்புக் குடை. கைப்பிடியில் கீறல்.’ வேறொன்றும் இல்லை. அப்பாவி மனு. அவள் எதையும் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். பிறகு பழக்க தோஷத்தில் பதிவைப் புதுப்பித்துப் பார்த்தாள்.

கடைசி வரியில் அவளுடைய பெயர். ‘தொலைநோக்கி மனுவுக்கு ஒப்புதல் கொடுக்க முயற்சி. அதிகாரம் இல்லை. மறுக்கப்பட்டது.’

தொலைநோக்கி தொலைந்ததே அவளுக்குத் தெரியாது. தேடிப் பார்த்தால் அது அன்று காலை பத்து மணிக்கு மேல் வந்த மனு. அதே போன் எண்.

மூன்று நாளாக மற்றவர்களைப் பார்த்த அதே பார்வையோடு அவள் தன் பெயரைப் பார்த்தாள். பதிவு படிக்கிறவளுக்கு ஒப்புதல் அதிகாரம் இல்லாததால் தப்பித்தாள். இருந்திருந்தால் அந்த ராஜினாமாக் கடிதத்தின் இரண்டாவது பிரதி அவளுக்குத்தான்.

மனு முதன்முதலில் வந்த நாளுக்கு, மூன்று மாதம் பின்னால் போனாள். மனுதாரர் அடித்தது ஓர் எழுத்து விடாமல் அங்கே பதிவாகியிருக்கும். ‘கைப்பிடியில் கீறல்’ என்பதற்குப் பிறகு திரையில் தெரியாத பதினோரு வரிகள் இருந்தன. அடையாளம் எழுதுகிற பெட்டிக்குள் யாரோ அடையாளத்தோடு ஓர் உத்தரவையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். இணையதளம் அதை எழுத்து என்று நம்பி அப்படியே சேமித்துக்கொண்டது. மனுவைத் திறக்கிற ஊழியரின் பிரவுசரோ அதை எழுத்தாகக் காட்டாமல் உத்தரவாக எடுத்துக்கொண்டு நிறைவேற்றியது: ‘இந்தப் போன் எண்ணில் நிலுவையில் உள்ள மனுக்களுக்கு, திறந்தவர் பெயரிலேயே ஒப்புதல் கொடு.’ யார் திறந்தாலும் அவர் கை. யார் கை என்பது அதற்கு முக்கியமில்லை.

அதைப் போட்டவன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று அவள் வியந்தாள். முடிவே ஆகாத ஒரு பொருளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறான். தினமும் ஒன்பது மணிக்கு யாராவது அதைத் திறந்தே தீருவார்கள் என்று தெரிந்திருக்கிறது. உள் ஆளாகத்தான் இருக்க வேண்டும். மறுபடி ஒவ்வொரு முகமாக மனசுக்குள் வரிசையாக வந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவள் அத்தானையும் முந்திக்கொண்டு முதல் ஆளாக வந்து, குடை மனுவைத் தானே திறந்தாள்; அன்று வேறு யாரும் அதைத் திறக்க வேண்டியிருக்கவில்லை, தொலைநோக்கி மனு அப்படியே நிலுவையில் நின்றது. மூன்று மணி. முழக்கத்தின் அறையில் சுவர் முழுக்கப் பெரிய திரை. மேஜைமேல் ராஜினாமாக் கடிதம், பக்கத்தில் மூடி கழற்றிய பேனா. அத்தான் எதிரே உட்கார்ந்திருந்தார். கவுண்ட்டர் அம்மா கதவோரம், மூக்கு சிவந்து.

“லாக் பொய் சொல்லாது,” என்று ஆரம்பித்தார் முழக்கம். “மனுஷன் சொல்லுவான், சாட்சி சொல்லும், லாக் சொல்லாது. உங்க பேரு, உங்க ஐடி, உங்க கம்ப்யூட்டர். இதுக்கு மேல என்ன வேணும்?”

அத்தான் வாயைத் திறந்தார். சொல்ல வந்தது வருவதற்குள் முழக்கம் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார். அவருடைய வாழ்க்கை முழுக்க இப்படித்தான்.

“சார், ஒரு சின்ன விஷயம்,” என்றாள் பூதக்கண்ணாடி. “தினமும் பழைய மனுவை முதல்ல திறக்கணும்னு வழி காட்டினதே நீங்கதான். நீங்களே உங்க ஐடியில ஒரு தடவை திறந்து காட்டுங்களேன். எல்லாரும் பார்த்துக் கத்துக்கட்டும்.”

தேன் தடவிய இடத்தில் ஈ உட்காராமல் இருக்குமா? முழக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் தன் வாழ்நாளில் ஒரு மனுவையும் திறந்ததில்லை. கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. கவுண்ட்டர் அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டே, “பழையது முதலில்தான் சார். நடுவுல இடம் விடாம,” என்றாள். அது தனக்கு எப்படித் தெரியும் என்று விளக்க அவள் முயலவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது.

குடை மனு பெரிய திரையில் விரிந்தது. “கறுப்புக் குடை. கைப்பிடியில் கீறல்,” என்று முழக்கம் கம்பீரமாக வாசித்தார். “இதுல என்ன இருக்கு?”

“கையை எடுத்துடுங்க சார். எதையும் தொடாதீங்க.” அவள் தன் மடிக்கணினியைத் திருப்பிப் பதிவைக் காட்டினாள்.

மூன்று மணி பதினெட்டு நிமிஷம் நாலு விநாடி: மேலாளர், குடை மனுவைத் திறந்தார். ஐந்தாவது விநாடி: மேலாளர், தொலைநோக்கி மனுவுக்கு ஒப்புதல் கொடுத்தார்.

முழக்கம் தன் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்துக்கொண்டார். அவை அவருடையவைதானா என்று சந்தேகம் வந்த மாதிரி.

“இது... நான் பண்ணல. நீங்க எல்லாரும் பார்த்தீங்க. நான் தொடவே இல்ல!”

அத்தான் இப்போதுதான், கால் மணி நேரத்துக்கு முன்னால் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தார்.

“அதைத்தான் சார் நானும் சொல்ல வந்தேன்.”

கவுண்ட்டர் அம்மாவுக்குச் சிரிப்பு வந்து அது இருமலாக மாறியது. பூதக்கண்ணாடி பதினோரு வரிகளையும் திரையில் போட்டு விளக்கினாள். முழக்கம் பாதி புரிந்தும் முழுதாகத் தலையாட்டினார். ராஜினாமாக் கடிதம் எப்படியோ ஒரு கோப்புக்கு அடியில் போய்விட்டது.

“உடனே கேன்சல் பண்ணுங்க அந்தத் தொலைநோக்கியை. என் பேர்ல இருக்கு!”

“வேண்டாம் சார். மெசேஜ் போயிருக்கும். ஆளு வாங்க வருவான். வரட்டும். போலீஸுக்கு இப்பவே விவரம் சொல்லி வைப்போம். ஆனா வந்தவனைக் கொஞ்ச நேரம் பிடிச்சு வைக்கணும், சந்தேகம் வராத மாதிரி.”

மூன்று பேரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆளும் சற்றுத் தாமதமாகத் தன்னையே பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை கவுண்ட்டரில் அவசரம் உட்கார்ந்தார். பதினோரு மணிக்கு ஓர் ஆள் வந்தான். முப்பது வயது, இஸ்திரி போட்ட சட்டை, நல்ல புன்னகை. குறுஞ்செய்தியைக் காட்டினான். கவுண்ட்டர் அம்மா உள்ளே போய்ப் போன் பண்ணினாள். முழக்கம் குடை அலமாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். அவர் தொப்பை ஒளியவில்லை.

அவசரம் தொலைநோக்கியைக் கொண்டுவந்தார். பதிவேட்டைக் கொண்டுவந்தார். பேனா எழுதவில்லை. ரீஃபில் மாற்றினார். பழைய ரீஃபிலை வளைக்காமல் குப்பையில் போட ஒரு காகிதத்தில் சுற்றினார்.

“சார், கொஞ்சம் சீக்கிரம்...”

“அவசரப்பட்டா தப்பு வரும் தம்பி. அப்புறம் உங்களுக்குத்தான் கஷ்டம். இனிஷியல் சொல்லுங்க. புள்ளி வைக்கணுமா, வேண்டாமா?”

பிறகு தொலைநோக்கியை நிறுத்துகிற தாங்கியின் திருகாணிகளை எண்ணினார். ஒன்பது வந்தது. பட்டியலில் எட்டு. மறுபடி எண்ணினார். அந்த ஆள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினான், வாசலைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். ஆனால் தொலைநோக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பேராசையை எழுந்து போகவிடாமல் உட்கார வைக்க அது போதும். நாற்பத்தேழாவது நிமிஷம் இரண்டு போலீஸ்காரர்கள் உள்ளே வந்தபோது அவசரம் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

அலுவலகத்தில் யாருக்கும் அந்த ஆளைத் தெரியாது. உள் ஆளே இல்லை. அவன் போனில் போலீஸ் கண்டெடுத்த படம்தான் முழக்கத்துக்குப் பிடிக்கவில்லை. போன வருஷம் நிஜமாகவே ஒரு பையைத் தொலைத்துவிட்டுக் காத்திருப்பு அறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது எடுத்திருக்கிறான். நடுச்சுவரில், சட்டத்துக்குள், ‘பழையது முதலில்!’ கீழே ஒன்பது மணி விளக்கம். ஓரத்தில் மேலாளர் சிரித்துக்கொண்டிருந்தார்.

இணையதளம் கட்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் சரி செய்தார்கள். இனிமேல் மனுவில் யார் என்ன எழுதினாலும் அது வெறும் எழுத்தாகத்தான் தெரியும், வேலை செய்யாது. முழக்கமும் தன் பங்குக்கு ஒன்று செய்தார். சட்டத்தை இறக்கி, புதுச் சட்டம் மாட்டினார். ‘புதியது முதலில்!’

அதற்கு முன்பே, ஆள் பிடிபட்ட சனிக்கிழமை சாயங்காலம், பூதக்கண்ணாடியும் அத்தானும் சேர்ந்து பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள். அவள் இரண்டு அடிக்கு ஒருமுறை நின்று அவருக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

“ஏம்மா, புதன்கிழமை பையில என்ன தேடினே?”

அவளுக்குக் காது சூடேறியது. “எப்படித் தெரியும் அத்தான்?”

“ஜிப்பை நான் ரெண்டு விரல் தூரம் திறந்தே வைப்பேன், காகிதத்துக்குக் காத்து வேணும்னு. மறுநாள் முழுசா மூடியிருந்தது. வீட்ல நாங்க ரெண்டு பேர்தான். உங்க அக்கா இதுவரைக்கும் எதையும் மூடினதில்ல.”

“அப்பவே கேட்டிருக்கலாமே.”

“கேக்கணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள சனிக்கிழமை ஆயிடுச்சு.” கொஞ்ச தூரம் நடந்தார். “தேடினது தப்பில்ல. உன் வேலை அது. ஆனா நீ தேடினதுக்கு அப்புறமும் என்னைச் சந்தேகமாத்தான் பாத்தே.”

“வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும்,” என்றாள். அவரிடம் பொய் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

பஸ் வந்தது, ஏறினார்கள், இறங்கினார்கள். தெருமுனை வந்ததும், “அடுத்த தடவை என்கிட்டயே கேளு,” என்றார். “பதில் வர லேட்டாகும். அவ்வளவுதான்.”

திங்கட்கிழமை காலை அவள் பதிவைத் திறந்தாள். ஒன்பது மணி இரண்டு நிமிஷத்துக்கு அத்தான் குடை மனுவைத் திறந்திருந்தார். சுவரில் மாறிய புது வாசகம் அவரிடம் இன்னும் போய்ச் சேரவில்லை போல. வரிசையில் அடுத்து ஒப்புதல் எதுவும் இல்லை. பிரவுசர் சும்மா இருந்தது. கடைசியில், ஒன்பது பதிமூன்றுக்கு, ஒரு வரி: மனு மூடப்பட்டது. முடிவு: ‘குடை கிடைக்கவில்லை. ஆள் கிடைத்தார்.’

பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது. அவரேதான்.